பாப்பாவின் எடை: சுங்கை சிப்புட் நாட்குறிப்பு

ஜனவரி 6, 2025, திங்கள்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் உள்ள எங்கள் பிடிகே மையத்தில், அதாவது உடற்குறையுள்ள பிள்ளைகளுக்கான சமூக மறுவாழ்வு மையத்தில், இன்று ஒரு பாப்பாவைப் பதிந்தோம். ஏழு வயது. மூளைப் பாதிப்பால் தசைகள் கட்டுக்குள் வராத பெருமூளை வாதம் (செரிப்ரல் பால்சி), தானாக உட்கார முடியாது, கழுத்தும் நிற்காது. அப்பா செம்பனை (எண்ணெய்ப்பனை) தோட்டத்தில் குலை வெட்டுகிறார், அம்மாவுக்குத் தொழிற்சாலையில் ஷிஃப்ட். வளர்ப்பது பாட்டி. குடும்பத்தாரின் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன்.

பாட்டி பேத்தியைத் தூக்கிக்கொண்டு தராசில் ஏறினார், பிறகு தனியாக ஏறினார். கழித்துப் பார்த்ததில் பாப்பா 13 கிலோ. இந்த வயதுப் பெண் குழந்தைக்கு உலகச் சுகாதார நிறுவன அட்டவணையின் நடு அளவு 22 கிலோவுக்குக் கொஞ்சம் மேல். கால்கள் மடங்கி இறுகியிருப்பதால் நீட்டி அளக்க வழியில்லை. குதிகாலிலிருந்து முழங்கால்வரை 32 செ.மீ. வந்தது. அதை 2.69-ஆல் பெருக்கி 24.2 கூட்டினால் உத்தேச உயரம் 110 செ.மீ. நிமிர்ந்து நிற்க முடியாத பிள்ளைகளுக்காக ஸ்டீவன்சன் என்ற மருத்துவர் 1995-ல் வகுத்த கணக்கு இது.

"இந்த மாதிரி புள்ளைங்க ஒல்லியாத்தான் டீச்சர் இருக்கும்" என்றார் பாட்டி. படித்தவர்கள் வாயிலும் இதைக் கேட்டிருக்கிறேன். எனக்கு இதில் உடன்பாடே இல்லை.

ஜனவரி 8, புதன்

அந்தப் பேச்சு மனத்தை விட்டுப் போகவில்லை. பெருமூளை வாதம் உள்ள பிள்ளைகளுக்கென்றே தனி வளர்ச்சி வரைபடங்கள் உண்டு. கலிபோர்னியாவில் 25,000-க்கும் மேற்பட்ட பிள்ளைகளின் அளவுகளிலிருந்து 2011-ல் வெளிவந்தவை. நடக்கும் பிள்ளைக்கு ஒன்று, படுக்கையிலேயே இருக்கும் பிள்ளைக்கு ஒன்று என்று இயக்கத் திறன்படி பிரித்திருக்கிறார்கள். பயனுள்ளவைதான். ஆனால் அவை அந்தப் பிள்ளைகள் எப்படி வளர்ந்தார்கள் என்பதைக் காட்டுகின்றனவே தவிர, எப்படி வளர வேண்டும் என்பதை அல்ல. சரியாகச் சாப்பிட முடியாமல் வாடிய பிள்ளைகளும் அந்தக் கோடுகளுக்குள் இருக்கிறார்கள். அதனால்தான் ஊட்டக்குறைவைக் கண்டுபிடிக்க அந்த வரைபடங்களை நம்பாதீர்கள் என்று ஐரோப்பியக் குழந்தை மருத்துவர்களின் 2017 வழிகாட்டி சொல்கிறது. எடை எப்படி ஏறுகிறது, மேல்கையில் கொழுப்பும் தசையும் எவ்வளவு, படுக்கைப்புண் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்கிறது.

ஜனவரி 16, வியாழன்

மதியச் சாப்பாட்டு நேரமாகப் பார்த்து, அவர்கள் குடியிருக்கும் தோட்ட வரிசை வீட்டுக்கு, லயத்துக்குப் போனேன். போனது நல்லதாயிற்று.

பாட்டி பேத்தியை மடியில் மல்லாக்கக் கிடத்தி, தலையைப் பின்னால் சாய்த்து, கஞ்சியைக் கரண்டியில் ஊற்றினார். பொறுமையான கை, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் தலை பின்னால் சாய்ந்தால் மூச்சுக்குழல் திறந்து கிடக்கும். பிள்ளை விழுங்கத் தயாராகும் முன்பே கஞ்சி தொண்டைக்குள் இறங்கிவிடும். ஊட்டி முடிக்க ஒரு மணி நேரம் ஆனது. அரை மணியைத் தாண்டினாலே கவனிக்க வேண்டும் என்பார்கள். தண்ணீர் கொடுத்ததும் இருமல், கண்ணில் நீர், குரலில் கரகரப்பு. போன வருஷம் நெஞ்சுச்சளி என்று வார்டில் சேர்த்ததையும் பாட்டி அப்போதுதான் சொன்னார்.

நாற்காலியில் உட்கார வைத்தோம். இடுப்பும் முழங்காலும் மடங்கி, பாதத்துக்கு அடியில் பலகை, பக்கத்துக்கு ஒரு துண்டுச் சுருள், முகவாய் லேசாகக் கீழே. நானும் பிள்ளையின் கண் மட்டத்துக்குக் கீழே உட்கார்ந்துகொண்டேன். நின்றுகொண்டு ஊட்டினால் அது அண்ணாந்து பார்க்கும். கரண்டியை நாக்கின் நடுவில் வைத்து, அதுவாக வாயை மூடும்வரை காத்திருக்க வேண்டும். ஒரு வாய் விழுங்கிய பிறகே அடுத்தது. பாட்டி இரண்டாம் கரண்டியிலேயே பிடித்துக்கொண்டார்.

ஜனவரி 27, திங்கள்

கஞ்சி விஷயம். தண்ணீராகக் காய்ச்சிய கஞ்சியில் வயிறுதான் நிறையும், சத்து ஏறாது. விழுங்குவதே பெரும்பாடாக இருக்கும் பிள்ளைக்கு அளவைக் கூட்டுவதில் பயனில்லை. அதே கிண்ணத்துக்குள் சத்தைக் கூட்ட வேண்டும். ஒரு தேக்கரண்டி எண்ணெய் சுமார் 40 கலோரி. முட்டை, பருப்பு, கெட்டித் தேங்காய்ப்பால், வேகவைத்து அரைத்த நெத்திலி என எல்லாம் வீட்டில் இருப்பவைதான். கரண்டியைச் சாய்த்தால் ஒழுகாமல் மொத்தமாக விழும் பதத்துக்கு மசித்தோம்.

எல்லாப் பிள்ளைக்கும் இதே வழி பொருந்தாது. கைகால் ஓயாமல் முறுக்கிக்கொண்டே இருக்கும் இன்னொரு தம்பிக்கு இதைவிடவும் தேவைப்படும். அசைவே இல்லாத ஒரு பையனுக்கோ புட்டிப்பால் மாவைக் கூட்டிக் கூட்டிக் கொழுப்புதான் ஏறியது. இப்போது அவன் அம்மாவால் தூக்க முடியவில்லை.

வலிப்பு மாத்திரைகளில் சில வைட்டமின் டியைக் குறைக்கும். எலும்பு பற்றி டாக்டரிடம் கேட்க வேண்டும். மலச்சிக்கலையும் சொல்ல வேண்டும். வயிறு கட்டினால் பசியே எடுக்காது.

பிப்ரவரி 13, வியாழன்

தைப்பூசம் முடிந்து வந்தார்கள். 13.4 கிலோ! பாட்டி தராசை இரண்டு தடவை பார்த்தார்.

கஞ்சிக்கு இருமல் குறைந்திருக்கிறது, தண்ணீருக்குக் குறையவில்லை. சத்தம் இல்லாமலேயே நுரையீரலுக்குள் இறங்குவதும் உண்டு என்பதால் விழுங்கும் பரிசோதனை தேவை. கிளினிக்கில் ஈப்போ மருத்துவமனைக்குக் கடிதம் கொடுத்துவிட்டார்கள். வயிற்றில் சின்னத் துளையிட்டு நேரே உணவு செலுத்தும் குழாய் பற்றியும் பேச்சு வரலாம் என்று முன்கூட்டியே சொன்னேன். அம்மா அழுதுவிட்டார். "வயித்துல ஓட்ட போடவா இத்தன நாளு ஊட்டுனேன்?" என்றார் பாட்டி.

நான் தெரிந்ததைச் சொன்னேன். வயிற்றைப் பெரிதாகக் கிழிக்காமல், உள்நோக்கியின் (எண்டோஸ்கோப்) உதவியோடு குழாய் வைக்கும் முறையை 1979-ல் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் காடரர், பொன்ஸ்கி என்ற மருத்துவர்கள் முதலில் ஒரு கைக்குழந்தைக்குத்தான் செய்தார்கள். தேவையில்லை என்றால் பிறகு எடுத்துவிடலாம். வைக்க வேண்டுமா என்பதை டாக்டர்களும் குடும்பமும்தான் முடிவு செய்ய வேண்டும். ஊட்டிய கை தோற்றுவிட்டது என்று அதற்கு அர்த்தமில்லை பாட்டி என்றேன்.

பாட்டி ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, "வாயில பாயாசம் கொஞ்சம் வைக்கலாமா?" என்று கேட்டார். விழுங்குவது பாதுகாப்பு என்று பரிசோதனையில் தெரிந்தால் ருசிக்குக் கொடுக்கலாம் என்றேன்.

"அப்ப டாக்டர்கிட்ட மொத கேள்வியா அத எழுதுங்க டீச்சர்."

எழுதிக்கொண்டேன்.