கண்மாயில் கரம்பை (வண்டல் மண்) அள்ளும்போது ஒரு ஓரத்தை விட்டுவையுங்கள்

முதுகுளத்தூர் பக்கத்துக் கண்மாய்கள் கோடையில் வற்றி, தரை பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். அதைப் பார்த்துச் செத்த கண்மாய் என்று யாராவது சொன்னால் எனக்கு மனசு கேட்காது.

உள்வாயில், அதாவது கரைக்கு உள்ளே தண்ணீர் தேங்கும் பரப்பில், மழைக்குக் குட்டை கட்டும் பள்ளம் எதிலிருந்தாவது மேல்மண் ஒரு கை அள்ளுங்கள். வெள்ளை பேசினில் போட்டு மழைத்தண்ணீர் ஊற்றி வையுங்கள். இரண்டு மூன்று நாளில் ஊசிமுனை அளவுப் புள்ளிகள் துள்ளும். அதில் ஃபேரி இறால் என்ற, இறாலுக்குத் தூரத்துச் சொந்தமான சின்ன நன்னீர் உயிர் இருந்தால் உங்களுக்கு யோகம்தான். வளர்ந்ததும் மல்லாந்தே நீந்தும். 11 ஜோடிக் கால்கள் முன்னும் பின்னுமாக அலையடிக்கும். நீந்துவது, இரையை வடிப்பது, மூச்சுவிடுவது எல்லாம் அந்தக் கால்களால்தான். உடம்பு கண்ணாடி மாதிரி இருப்பதால் குடலில் ஓடும் பாசியின் பச்சைகூடத் தெரியும்.

இதன் முட்டை காய்ந்த மண்ணில் வருஷக்கணக்கில் தாங்கும். ஒரே மழைக்கு எல்லா முட்டையும் பொரிப்பதில்லை, சூட்சுமமே அதுதான். ஐப்பசியில் ஒரு மழை பெய்து ஏமாற்றி, நாலைந்து நாளில் குட்டை வற்றினால் பொரித்தவை போய்விடும். மிச்சம் மண்ணுக்குள் பத்திரமாக இருக்கும். கண்மாய் பெருகி மீன் ஏறிவிட்டால் இவை தப்பாது. அதற்குள் வளர்ந்து முட்டையிட்டாக வேண்டும்.

அப்புறம் தட்டான்கள் பறந்து வந்து முட்டையிடும். நீர்ப்பூச்சி ஒன்றில் பெண், ஆணின் முதுகிலேயே முட்டைகளை வரிசையாக ஒட்டிவிடும். பொரிக்கும்வரை அப்பன்தான் சுமக்கும், அடிக்கடி மேலே வந்து முட்டைக்குக் காற்றுக் காட்டும். இந்தப் பூச்சியும் தட்டான் குஞ்சும் கொசுப்புழுவைத் தின்று தீர்ப்பவை. சேற்றில் மூடி சாத்திக் கிடந்த நத்தைகளும் எழுந்து வரும். நத்தைகுத்தி நாரைக்கு அதுதான் சாப்பாடு. இந்தப் பக்கத்துச் சித்திரங்குடி பறவைகள் சரணாலயம் 2022-இல் ராம்சார் என்ற சர்வதேச ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தபோது எல்லோரும் பறவைகளைப் பற்றியே பேசினார்கள். அவற்றின் இரை இந்த மண்ணிலிருந்து தொடங்குவதை யாரும் சொல்லவில்லை என்பது என் ஆதங்கம்.

கரம்பை அள்ளக் கூடாது என்று நான் சொல்லவில்லை. வயலுக்கு அது வேண்டும், கண்மாய்க்கும் ஆழம் வேண்டும். ஆனால் முட்டைகளில் பெரும்பகுதி மேலே உள்ள சில சென்டிமீட்டர் மண்ணில்தான் இருக்கிறது. பொக்லைன் ஒரே சீராகச் சுரண்டினால் பல வருஷச் சேமிப்பு டிராக்டரில் ஏறிவிடும். உள்வாயில் ஒரு ஓரத்துப் பள்ளங்களைத் தொடாமல் விடலாம். முடியாவிட்டால் மேல்மண்ணைத் தனியே குவித்து, வேலை முடிந்ததும் அங்கேயே பரப்பலாம். பொக்லைன் ஓட்டுகிறவருக்கு இடத்தைக் காட்ட நாலு கம்பு நட்டால் போதும்.