தார் இல்லாத ரோடு

என் மாமனார் நாமக்கல்காரர். ரிட்டயர் ஆகும்வரை நேஷனல் பெர்மிட் லாரி ஓட்டியவர். கனடாவில் எட்மண்டனுக்கு எங்களைப் பார்க்க வந்தவரை ஜாஸ்பர், பான்ஃப் எல்லாம் கூட்டிப்போனேன். மலையைப் பார்த்தார், ஏரியைப் பார்த்தார். "எல்லாம் நல்லாத்தானுங்க இருக்குது மாப்ள, ஆனா இந்த ரோட்டுல வண்டி ஓட்டுறதுக்கு டிரைவரே வேண்டியதில்லீங்களே" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் ஆகஸ்ட் கடைசியில், கனடாவின் வடமேற்கு மூலையில் இருக்கும் யூக்கான் கிளம்பினோம். மனைவிக்கு லீவு கிடைக்கவில்லை. நாங்கள் இருவர் மட்டும்.

டாசன் நகருக்குக் கிழக்கே 40 கி.மீ. தள்ளிப் பிரிகிறது டெம்ப்ஸ்டர் நெடுஞ்சாலை. அங்கிருந்து வடகோடி ஊரான இனுவிக் வரை சுமார் 740 கி.மீ., ஏறக்குறைய முழுக்க ஜல்லி ரோடு. 1979-இல் திறந்தது. உள்ளே நுழைந்தால் பெட்ரோல் 369-வது கிலோமீட்டரில், ஈகிள் பிளெய்ன்ஸில்தான். நடுவில் போன் சிக்னல் கிடையாது. பல வாடகைக் கம்பெனிகள் இந்த ரோட்டில் வண்டியை இறக்கவே விடமாட்டார்கள். தேடிப் பிடித்து, இதற்கென்றே வண்டி தரும் ஒரு இடத்தில் வைட்ஹார்ஸில் எடுத்தோம். மாமா சாவியை வாங்கவிடவில்லை. நாலு டயரையும் தட்டிப் பார்த்தார், ஸ்டெப்னியை இறக்கச் சொன்னார், ஜாக்கியைப் போட்டு அந்த முற்றத்திலேயே வண்டியைத் தூக்கினார். "இன்னொரு ஸ்டெப்னி கேளுங்க." கேட்டேன். கொடுத்தார்கள்.

ரோடு நிலத்தைவிட உயரமாக, ஏரிக்கரை மாதிரி போகிறது. அடியில் இருப்பது நிரந்தரமாக உறைந்த மண். ரோட்டுச் சூடு அதில் இறங்கி உருக்கிவிட்டால் ரோடே உள்ளே போய்விடும். அதனால் ஒரு மீட்டருக்கு மேல், சில இடங்களில் இரண்டு மீட்டருக்கும் மேல் ஜல்லி கொட்டி, அதன்மேல்தான் வண்டி ஓடுகிறது. இதைச் சொன்னதும் மாமா வண்டியை நிறுத்தச் சொல்லி, சரிவில் இறங்கி, ஓரத்துப் பாசியைக் காலால் அமுக்கிப் பார்த்துவிட்டு வந்தார். "மெத்து மெத்துன்னு இருக்குதுங்க. மேல ஏத்திப் போட்டவன் வெவரமானவன்."

72-வது கிலோமீட்டரில் டூம்ஸ்டோன் பூங்காவின் முகாம். டிரோண்டெக் ஹ்வெச்சின் பூர்வகுடி மக்களின் நில உரிமை ஒப்பந்தத்தின் வழியாக உருவான பூங்கா இது. மரங்கள் அங்கேயே குறைய ஆரம்பித்துவிடுகின்றன. மிச்சம் இருப்பது முழங்கால் உயரக் குட்டை பிர்ச் செடிகள். எங்கள் நேரம், அத்தனையும் சிவந்து கிடந்தது. நடக்கும்போது காலடியில் பார்த்தால்தான் தெரியும், ஒரே சிவப்பு இல்லை. பேர்பெரி இலை ரத்தச் சிவப்பு, புளூபெரி இலை கருஞ்சிவப்பு, நடுநடுவே, பாசி மாதிரி தரையில் படரும் வெளுத்த லைக்கன்.

கிரிஸ்லி ஏரி வரைக்கும் போய்வருவது மாமாவின் முழங்காலுக்கு ஆகாது. முதல் மூன்று கி.மீ. ஏறினால் பள்ளத்தாக்கு முழுக்கத் தெரியும் ஒரு மேடு வரும், அதுவரை போனோம். கரடி திடுக்கிடாமல் இருக்கச் சத்தம் போட்டுக்கொண்டே நடக்க வேண்டும் என்று பூங்கா ஊழியர் சொல்லியிருந்தார். மற்றவர்கள் "ஹே பேர்!" என்று கூவிக்கொண்டு போனார்கள். மாமா, ரிவர்ஸ் எடுக்கும் லாரிக்குக் கிளீனர் குரல் கொடுப்பாரே, அதை எடுத்துவிட்டார்: "வரட்டும்... வரட்டும்... வரட்டும்!" கரடியை வரச் சொல்கிறீர்களே மாமா என்றேன். "அதுக்குத் தமிழ் தெரியுமாக்கும்!"

மேலே பாறைக் குவியலுக்குள்ளிருந்து சுருக்கென்று ஒரு விசில். காதில் விழுந்து வெகுநேரம் கழித்துத்தான் ஆள் கண்ணில் பட்டது. பைக்கா, முயலுக்கு உறவான ஒரு குட்டிப் பிராணி. உள்ளங்கையில் அடங்கும் உடம்பு, வட்டக் காது, வால் இருப்பதே தெரியாது. வாயின் இரண்டு பக்கமும் புல் நீட்டிக்கொண்டிருக்க, பாறை இடுக்குக்குள் போய்ப் போட்டுவிட்டு உடனே திரும்பி ஓடியது. குளிர்காலத்தில் இது தூங்குவதில்லை. இப்போதே வைக்கோல் போர் போட்டாக வேண்டும்.

கரடி நாங்கள் நடந்த இடத்தில் இல்லை, ரோட்டோரத்தில் இருந்தது. பைனாகுலர் என்னிடம். ஆனால் பார்த்தது மாமா. "வண்டிய ஓரங்கட்டுங்க. காத்து இந்தப் பக்கம் அடிக்குது, அந்தப் புதர் மட்டும் எதிர்ப்பக்கம் ஆடுது பாருங்க." எஞ்சினை அணைத்தேன். கொஞ்ச நேரத்தில் புதருக்கு மேலே தோள் திமில் எழுந்தது. கிரிஸ்லி. கிளையை ஒடிக்கவில்லை, உதட்டாலேயே பழத்தை உருவி உருவித் தின்றது. எங்களை ஒருமுறைகூட நிமிர்ந்து பார்க்கவில்லை. குகைக்குள் போவதற்குமுன் உடம்பில் கொழுப்பு ஏற்ற வேண்டிய மாதங்கள் இவை, அதற்கு நேரமில்லை. இறங்கலாமா என்று மாமா கேட்கவே இல்லை, கண்ணாடியைப் பாதி ஏற்றிக்கொண்டார். முன்னால் வந்து நின்ற வண்டியில் ஒருவர் போனை நீட்டிக்கொண்டு இறங்கினார். மாமா ஹாரன் அடிக்கப் போனார், நான் கையைப் பிடித்துவிட்டேன். நல்லவேளை, அந்த ஆளின் மனைவியே அதட்டி உள்ளே ஏற்றிவிட்டார்.

ஓகில்வி ஆற்றருகே பின் டயர் போனது. அந்தப் பக்கத்து ஜல்லி உடைந்த கண்ணாடிச் சில்லு போல முனை கூர்மையானது. மாமா என்னைத் தொடவே விடாமல் மாற்றி முடித்தார். அவர் முகத்தில் அவ்வளவு சந்தோஷத்தை பான்ஃபில் நான் பார்க்கவில்லை.

ஈகிள் பிளெய்ன்ஸில் இருந்த ஒரே ஹோட்டலில் தங்கி, மறுநாள் 405-வது கிலோமீட்டரில் ஆர்க்டிக் வட்டப் பலகை முன்னால் படம் எடுத்துக்கொண்டு திரும்பினோம். காற்று நிற்கவே விடவில்லை. அங்கே எழுத வேறொன்றும் இல்லை.

காரிபு என்கிற காட்டுப் பனிமான் மட்டும் கண்ணில் படவில்லை. போர்க்குபைன் மந்தை என்று பெயர் வைத்திருக்கும் இந்தப் பக்கத்துக் காரிபுக் கூட்டம் 2017 கணக்கெடுப்பில் சுமார் 2,18,000 இருந்தது. அலாஸ்கா கடலோரத்தில் குட்டி போட்டுவிட்டு, இலையுதிர் காலத்தில் இந்தப் பக்கம் இறங்கும். அதில் ஒன்றுகூட எங்களுக்கு வரவில்லை. இன்னும் சில வாரம் கழித்து வாருங்கள் என்று ஹோட்டலில் சொன்னார்கள். மாமாவுக்குச் சென்னை டிக்கெட் செப்டம்பர் முதல் வாரம். மாற்ற எவ்வளவு ஆகும் என்று டாசன் வந்து சிக்னல் கிடைத்ததும் அவரே மகளுக்குப் போன் போட்டுக் கேட்டார்.