முத்தையன்கட்டில் ஒரு டென்ட்

கனடாவிலிருந்து வந்த மச்சான் போகும்போது தன் டென்டை என்னிடம் விட்டுவிட்டுப் போனான். சரி, விரித்துத்தான் பார்ப்போமே என்று ஆனி மாதத்தில், பாலைப்பழக் காலத்தில், முத்தையன்கட்டுக் குளத்துக்குக் கீழே சித்தப்பாவின் வயல்கரையில் தனியாக அடித்தேன்.

பக்கத்து வயலில் பரண் போட்டுக் காவலிருந்த ஐயா வந்து ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார்.

"உள்ளுக்கு உப்பு, அரிசி ஏதும் வைச்சிருக்கிறியோ தம்பி?"

"ஒரு கிலோ அரிசி இருக்கு ஐயா."

"அதைக் கொண்டுவந்து பரணில வை. அலியன் அதுக்குத்தான் வரும். உன்னைத் தின்னாது."

ஆறுதல் சொல்கிறாராம். அலியன் என்றால் கொம்பில்லாத ஆண் யானை. இலங்கையில் பத்து ஆண் யானையில் ஒன்றுக்குக்கூடக் கொம்பு தேறாது. யானை வேலி இருக்கிறதே என்றேன். "அது மரத்தை முறிச்சு வேலிக்கு மேல போட்டிட்டு வரும்" என்றார். பிறகு டென்டைப் பாலை மரத்தடியிலிருந்து மாற்றச் சொன்னார். பழத்துக்குக் கரடி ஏறுமாம். வன்னியில் யானையைவிடக் கரடிக்குத்தான் ஆட்கள் கூடப் பயம். திடுக்கிட்ட கரடி நேரே முகத்தைத்தான் பிறாண்டும்.

இரவு சருகில் சர்ர்ர் என்றது. நின்றது. திரும்பவும் சர்ர்ர். கரடி புற்றைக் கிண்டிக் கறையான் உறிஞ்சும் சத்தம், சைக்கிளுக்குக் காற்றடிப்பதுபோல, தூரத்துக்கும் கேட்கும் என்று எங்கோ வாசித்திருந்தேன். காதைத் தீட்டினால் அதுவும் கேட்டது. மூச்சைப் பிடித்தேன், நின்றுவிட்டது. விட்டேன், திரும்பவும் கேட்டது. தடிமனில் அடைத்த என் மூக்குத்தான். துணிந்து டோர்ச் அடித்தேன். சருகுக்குள் ஒரு முயல், அதுவும் குட்டி. அது என்னை ஒரு பொருட்டாகவே மதிக்கவில்லை. எப்போது கண்ணயர்ந்தேனோ தெரியாது.

விடிய எழும்பினால் டென்டுக்கும் பரணுக்கும் நடுவே சுளகு அகலத்தில் காலடி, பக்கத்தில் ஈரம் காயாத லத்தி. அவ்வளவு பெரிய உருப்படி வந்து போயிருக்கிறது, ஒரு சுள்ளி முறிந்த சத்தம் கேட்கவில்லை. பாதத்துக்குள் மெத்தை மாதிரிக் கொழுப்பு இருப்பதால் அது அப்படித்தான் நடக்குமாம்.

"கண்டனீங்களோ ஐயா?"

"ஓம். உன்ர டென்டடியில கனநேரம் நிண்டது."

"ஒரு குரல் குடுத்திருக்கலாமே!"

"நீதான் குடுத்துக்கொண்டிருந்தாய். அந்தக் குறட்டையைக் கரடியெண்டு நினைச்சுத்தான் அது திரும்பியிருக்கும்." வயலை ஒருமுறை பார்த்தார். "ராத்திரி பன்றியும் வரேல்லை. இன்னும் ரெண்டு நாள் நிண்டிட்டுப் போவன்."