லாவாவை உறையவைத்த கடல்நீர்: ஹெய்மே கணக்கு

ஜனவரி 23

ஐஸ்லாந்தின் ஹெய்மே தீவில் எரிமலை வெடித்தது 1973இல் இதே நாளில்தான். மீன்பிடித் துறைமுகத்தின் வாயை லாவா அடைத்துவிடும் நிலை. கடல்நீரை இறைத்து ஊற்றி அதை உறையவைக்கும் வேலையை முன்நின்று நடத்தியவர் இயற்பியலாளர் தோர்பியோர்ன் சிகுர்கெய்ர்சன்.

முதலில் வரவு செலவு. 1 கிலோ லாவா 1,100 டிகிரியிலிருந்து 100க்கு இறங்கினால் சுமார் 1,100 கிலோஜூல் வெப்பம் வெளியேறும். உறையும்போது இன்னொரு 350. குளிர்ந்த கடல்நீர் 1 கிலோ ஆவியாக ஏறக்குறைய 2,650 கிலோஜூல் பிடிக்கும். அப்படியானால், சுமார் 2.7 டன் எடையுள்ள ஒரு கன மீட்டர் லாவாவுக்கு ஒன்றரை டன், அதாவது ஏறக்குறைய ஒன்றரை கன மீட்டர் தண்ணீர். அங்கே இறைத்தது சுமார் 62 லட்சம் கன மீட்டர். உறைந்ததாக மதிப்பிட்டது 42 லட்சம். கணக்கு அழகாக ஒத்துப்போகிறது!

ஜனவரி 25

தண்ணீர் இருந்தால் மட்டும் போதாது. நன்கு காய்ந்த தோசைக்கல்லில் தெளித்த நீர் முத்து முத்தாக உருண்டு ஓடும்; அடியில் உள்ள ஆவிப்படலம் வெப்பத்தை மறிக்கிறது. லாவாவிலும் முதலில் இதுதான். பிறகு பொருக்கு கட்டும், அதுவும் மறிக்கும். ஹவாய் லாவாவில் அளந்தபடி பொருக்கு ஒரு மணி நேரத்தில் 8 செ.மீ., நான்கு மணி நேரத்தில் 16. தடிமன் இரட்டிப்பாக நான்கு மடங்கு நேரம். இந்த வேகத்தில் 5 மீட்டர் உறைய ஏறக்குறைய ஆறு மாதம்.

வழி திறப்பது விரிசல்தான். குளிர்ந்த பாறை சுருங்கி வெடிக்கும். நீர் அதற்குள் இறங்கி, கொதித்து, வெப்பத்தை ஆவியாக மேலே தூக்கி வரும். புதிதாகக் குளிர்ந்த பாறை மறுபடி வெடிக்கும். தண்ணீர் விடாத இடத்தில் 5 முதல் 8 மீட்டர் ஆழத்திலேயே 1,050 டிகிரி. விட்ட இடத்தில் 12 முதல் 16 மீட்டர் துளைத்த பிறகே அந்தச் சூடு.

ஜனவரி 28

அதனால் முகப்பில் மட்டும் பீய்ச்சினால் பலன் குறைவு. முதலில் விளிம்பைக் குளிர்வித்தார்கள். பிறகு, நகர்ந்துகொண்டிருந்த லாவாவின் மேலேயே புல்டோசரால் தடம் போட்டு, பிளாஸ்டிக் குழாய்களை உள்ளே கொண்டுபோனார்கள். பிளாஸ்டிக் உருகாதா? உள்ளே நீர் ஓடும்வரை உருகாது. குழாய்ச் சுவரின் சூட்டை நீர் வாரிக்கொண்டு போகிறது. மிகச் சூடான இடங்களில் குழாயில் சிறு துளைகள், கசிவே அதை நனைத்துக் காக்கும். பம்பு நின்றால் குழாய் போச்சு.

இன்னொன்று: குழாயை அவசரப்பட்டு மாற்றக் கூடாது. ஆவி அடங்கும்வரை அதே இடத்தில் ஊற்ற வேண்டும். பாதியில் விட்டால் உள்ளிருக்கும் சூடு பொருக்கை மறுபடி காய்ச்சிவிடும்.

பிப்ரவரி 1

உப்பை மறந்துவிட்டேன். கடல்நீர் லிட்டருக்கு 35 கிராம். 62 லட்சம் கன மீட்டரும் ஆவியானதாக வைத்தால், பாறை இடுக்குகளில் தங்கியது இரண்டு லட்சம் டன்னுக்கு மேல்.