வேனுக்குக் கொடுத்தது தண்டம், மார்ட்டின் கேஷ் கிடைத்தது லாபம்

ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியா தீவில் இருக்கிற பழைய கைதிச் சிறையான போர்ட் ஆர்தரைப் பார்க்க, தீவின் தலைநகர் ஹோபார்ட்டிலிருந்து வேன் சுற்றுலாவில் போகப் போகிறீர்களா? வேண்டாம். கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன், ஆறிவிட்டால் நாகரிகமாக எழுதத் தோன்றும். மெல்பர்னிலிருந்து வர நான் பிடித்த மலிவு விமான டிக்கெட்டைவிட அந்த வேன் இருக்கைக்கு அதிகம் வாங்கினார்கள். விடுதி வாசலில் வந்து ஏற்றிக்கொள்ளத் தனிக் காசு வேறு. விளம்பரத்தில் அந்தப் பேச்சே கிடையாது. ஏறி உட்கார்ந்து பெல்ட் போட்ட பிறகு ஓட்டுநர் கார்டு மெஷினை நீட்டுகிறார். சரி, தொலையட்டும் என்று விட்டால், வழியில் சோப்பும் சாவிக்கொத்தும் விற்கிற ஒரு கடையில் முக்கால் மணி நேரம் நிறுத்தம். நான் எதற்காக வந்தேனோ அந்த ஈகிள்ஹாக் நெக் என்ற குறுகலான நிலப்பகுதியில் மட்டும் பத்தே நிமிடம். அங்கே இருக்கிற நாய்ச் சிலையோடு எல்லாரும் செல்ஃபி எடுத்து முடிப்பதற்குள் ஹாரன் அடித்துவிட்டார்.

எனக்கு நாய்ச் சிலை இரண்டாம்பட்சம். நான் தேடி வந்தது மார்ட்டின் கேஷ் என்ற ஐரிஷ் கைதியை. எப்படிப் போவது, எங்கே சாப்பிடுவது, எவ்வளவு ஆகும் என்றெல்லாம் வரிசையாக எழுதத்தான் உட்கார்ந்தேன். இந்த ஆள் நடுவில் வந்துவிட்டதால் வரிசை போய்விட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

1808-இல் அயர்லாந்தின் வெக்ஸ்ஃபோர்டு பகுதியில் எனிஸ்கார்த்தி என்ற ஊரில் பிறந்தவர் கேஷ். தன் காதலியோடு நெருக்கமாக இருந்த ஒருவனைச் சுட்டதால்தான் நாடு கடத்தினார்கள் என்று வயதான காலத்தில் சொன்னார். பதிவேட்டில் இருப்பதோ வீடு புகுந்த குற்றம். காதலுக்காகச் சுட்டேன் என்றால் கேட்பவர்கள் உச்சுக்கொட்டுவார்கள், திருடப் போனேன் என்றால் யார் கேட்பார்கள்? ஏழு ஆண்டுத் தண்டனையோடு 'மார்க்விஸ் ஆஃப் ஹன்ட்லி' கப்பலில் 1828 தொடக்கத்தில் சிட்னிக்கு வந்து சேர்ந்தார். அங்கே ஒரு பண்ணைக்காரரிடம் வேலை, தண்டனைக் காலமும் கழிந்தது. 1837-இல் பெஸ்ஸி கிளிஃபோர்டு என்ற பெண்ணோடு டாஸ்மேனியா வந்தார். அன்றைக்கு இதன் பெயர் வான் டீமன்ஸ் லேண்ட். இங்கே மறுபடியும் திருட்டு வழக்கு, மறுபடியும் ஏழு வருடம். அடைத்த இடத்திலிருந்தெல்லாம் தப்பித்துக்கொண்டே இருந்ததால் கடைசியில் போர்ட் ஆர்தருக்கு அனுப்பினார்கள்.

போர்ட் ஆர்தர் நுழைவுக் கட்டணம் ஏறக்குறைய ஐம்பது டாலர். ரூபாயில் கணக்குப் போடாதீர்கள், உள்ளே போக மனசு வராது. ஆனால் அந்தப் பணத்துக்குள் துறைமுகத்தில் ஒரு படகுச் சுற்றும் அடங்கியிருக்கிறது. வழிகாட்டியோடு நடந்து கதை கேட்கலாம். அதில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. ஒரே ஒரு விஷயம்தான். எல்லாரும் படம் எடுக்கிற அந்த நான்கு மாடி இடிந்த கட்டடத்தை 'கேஷ் இருந்த சிறை' என்று என் பக்கத்தில் நின்ற ஒருவர் மனைவியிடம் விளக்கிக்கொண்டிருந்தார். கிடையாது. 1840-களில் அதை மாவு ஆலையும் தானியக் கிடங்குமாகத்தான் கட்டினார்கள். சிறையாக மாற்றியது 1850-களில். கேஷ் அதற்கு முன்பே இங்கிருந்து நீந்திப் போய்விட்டார். அவர் காலத்தில் நின்றவற்றில் இன்றும் நிற்பது என்றால், கூரை இல்லாத அந்தத் தேவாலயத்தைச் சொல்லலாம். பாயிண்ட் புயர் சிறுவர் சிறையின் பிள்ளைகள் கல் செதுக்கிக் கொடுத்துக் கட்டியது அது. சுவரை ஒட்டி நின்று பார்த்தால் கற்களில் உளி பட்ட தடம் வரிவரியாகத் தெரிகிறது. சில கற்களில் நேர்வரிசை, சிலவற்றில் தாறுமாறு.

அதே வளாகத்தில் இன்னொரு ஐரிஷ்காரரின் வீடும் இருக்கிறது. வில்லியம் ஸ்மித் ஓ'பிரையன், பிரிட்டிஷ் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தவர். பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிரான 1848 ஐரிஷ் கிளர்ச்சிக்காக மரண தண்டனை பெற்று, அது நாடுகடத்தலாகக் குறைக்கப்பட்டு, முதலில் அடைத்திருந்த மரியா தீவில் தப்பிக்கப் பார்த்ததால் 1850-இல் இங்கே கொண்டுவரப்பட்டார். அவருக்குத் தனி வீடு, தோட்டம். கைதிகள் நாள் முழுக்க மரக்கட்டைகளைத் தோளில் சுமந்த அதே போர்ட் ஆர்தரில்தான். கனவான்களுக்குக் கைதி வாழ்க்கை கூடத் தனி வகுப்புதான் போலிருக்கிறது. அந்த வீடு முதலில் குதிரை லாயமாகக் கட்டப்பட்டது என்பதில் மட்டும் எனக்குக் கொஞ்சம் திருப்தி.

ஹோபார்ட்டில் என் சித்தி மகன் படிக்கிறான். அன்று இரவு வேன்காரரைப் பற்றிப் போனில் புலம்பித் தீர்த்தேன். "அக்கா, விடு. நாளைக்கு என் வண்டியில போலாம், பெட்ரோல் மட்டும் போட்டுடு" என்றான். அவன் வண்டியின் வயது அவன் வயதுக்குப் பக்கத்தில் இருக்கும். ஏசி கிடையாது, டாஸ்மேனியாவில் அது தேவையும் இல்லை.

இந்த முறை ஈகிள்ஹாக் நெக்கில் நிதானமாக நடந்தேன். டாஸ்மன் தீபகற்பத்தை மற்ற நிலத்தோடு இணைப்பது இந்த ஒல்லியான மண் துண்டுதான். மிகக் குறுகலான இடத்தில் முப்பது மீட்டர் சொச்சம் அகலம், அவ்வளவே. ஒரு பக்கம் பைரட்ஸ் விரிகுடாவின் அலை, சாலையைத் தாண்டினால் மறுபக்கம் அசையாத தண்ணீர். போர்ட் ஆர்தரைச் சுற்றி மதில் எதற்கு, இதை அடைத்தால் போதும் என்று 1830-களின் தொடக்கத்திலேயே இங்கே நாய்களைக் குறுக்கே வரிசையாகச் சங்கிலியில் கட்டிவிட்டார்கள். நடுவில் விளக்குக் கம்பங்கள். தண்ணீருக்குள் மேடை போட்டுக்கூட நாய் கட்டினார்களாம். சீஸர், ஏஜாக்ஸ் என்று பெரிய பெரிய பெயர்கள். அரசாங்கக் கணக்குப் புத்தகத்தில் அந்த நாய்களுக்கும் ரேஷன் உண்டு. கடலில் சுறா நிறைய என்று வேறு கைதிகளிடம் சொல்லி வைத்திருந்தார்கள்.

கேஷ் முதலில் தனியாக இந்தத் தண்ணீரை நீந்திக் கடந்தார். கடந்து என்ன பயன், அப்புறம் பிடிபட்டுத் திரும்பி வந்தார். ஆனால் சுறாவும் கிடையாது ஒன்றும் கிடையாது என்ற தகவல் இப்போது கையில் இருந்தது. 1842 டிசம்பர் கடைசியில் லாரன்ஸ் கவனா, ஜார்ஜ் ஜோன்ஸ் இரண்டு பேரையும் சேர்த்துக்கொண்டு மறுபடியும் இறங்கினார். துணிகளை மூட்டையாகக் கட்டித் தலையில் வைத்துக்கொண்டு இருட்டில் நீந்தியிருக்கிறார்கள். அலை மூன்று பேருடைய மூட்டையையும் கொண்டுபோய்விட்டது. கரையேறியபோது உடம்பில் ஒரு நூல் இல்லை. அப்படியே முள்ளும் புதருமான காட்டுக்குள் நடந்து, சாலை போடும் கைதிகளின் குடிசை ஒன்றில் புகுந்து துணி எடுத்துக்கொண்டார்கள். நான் செருப்பைக் கழற்றிவிட்டு முழங்கால்வரை இறங்கிப் பார்த்தேன். நல்ல வெயில் காலத்திலேயே கணுக்கால் எலும்பு விண்ணென்று தெறித்தது. இதில் ராத்திரியில் நீந்துவதா? தம்பி கரையில் நின்று, "அக்கா, போதும் வா, பசிக்குது" என்று கத்திக்கொண்டிருந்தான்.

பசிக்குப் பக்கத்திலேயே பதில் இருந்தது. சற்றுத் தள்ளி ப்ளோஹோல் என்ற கடற்குகை இருக்கிறது. அதன் கார் நிறுத்துமிடத்தில் நிற்கும் உணவு வண்டியில் ஸ்காலப் பை வாங்கினோம். ஸ்காலப் என்பது ஒரு வகைச் சிப்பி. அதன் சதையைக் கறி மசாலா போட்டு வதக்கி, மொறுமொறுவென்ற மாவுக் கூட்டுக்குள் அடைத்துத் தருகிறார்கள். இங்கே வெள்ளைக்காரர்கள் கறிப்பொடி என்றால் கீன்ஸ் பொடிதான். பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்து இந்தத் தீவில் புழங்குவது, ஹோபார்ட் மலைச்சரிவில் வெள்ளைக் கற்களால் அதன் பெயரையே எழுதி வைத்திருக்கிறார்கள். மஞ்சள் தூக்கலாக இருக்கும் அந்த வாசனையை முகர்ந்தபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது. காரம் கிடையாது, நம் கல்யாண வீட்டுக் குருமாவில் தேங்காயைக் கூட்டி மிளகாயை மறந்த மாதிரி ஒரு ருசி. ஆனால் அந்தச் சிப்பி! பல் பட்டதும் இனிப்பாகக் கரைகிறது, மேலே ஆவி பறக்கிறது, வெளியே குளிர் காற்று. நான் இன்னொன்று வாங்கினேன். தம்பியும் இன்னொன்று வாங்கினான். வேன்காரரிடம் விட்ட காசுக்கு இதில் எத்தனை வாங்கியிருக்கலாம் என்று கணக்குப் போட்டு மறுபடியும் எரிச்சல்தான் வந்தது.

தப்பித்த மூவரும் 'கேஷ் அண்ட் கோ' என்று பெயர் வைத்துக்கொண்டு ஹோபார்ட்டுக்கு வடக்கே டெர்வென்ட் ஆற்றுப் பக்கத்துப் பண்ணைகளையும் சத்திரங்களையும் கொள்ளையடித்தார்கள். டிரோமெடரி மலையில் மரத்தடுப்பு வைத்து ஒரு கோட்டை. இந்த நேரத்தில் பெஸ்ஸியைப் போலீஸ் பிடித்துப் போனது. கேஷ் கம்பெனியார் கவர்னர் சர் ஜான் ஃப்ராங்க்ளினுக்கே ஒரு கடிதம் எழுதினார்கள். மரியாதைக்குரிய பெண்மணியை உடனே விடாவிட்டால் கவர்னர் மாளிகைக்கே வந்து உமக்குச் சவுக்கடி கொடுப்போம் என்பது சாரம். பிறகு ஆர்க்டிக் பனியில் கப்பலோடு காணாமல் போன அதே ஃப்ராங்க்ளின்தான்.

இங்கேதான் கதை சொல்கிறவர்கள் நிறுத்திக்கொள்கிறார்கள். பண்பான கொள்ளைக்காரன், பெண்களிடம் மரியாதை, ஏழைகளிடம் இரக்கம் என்று ஒரு பட்டியல். எனக்கு அந்தப் பட்டியல் பிடிக்கவில்லை. 1843 ஆகஸ்டில் பெஸ்ஸி வேறு ஒருவனோடு வாழ்கிறாள் என்று கேள்விப்பட்டு, கேஷ் ஹோபார்ட் தெருவுக்குள்ளேயே இறங்கினார். அடையாளம் தெரிந்து ஊரே துரத்தியது. மடக்க வந்த காவலர் பீட்டர் வின்ஸ்டன்லியைச் சுட்டார், அவர் இறந்துபோனார். என் வேனில் வந்த வழிகாட்டி நிர்வாண நீச்சலுக்குக் கால் மணி நேரம் ஒதுக்கினார், வின்ஸ்டன்லி என்ற பெயரை ஒருமுறைகூடச் சொல்லவில்லை. இந்த ஒரு காரணத்துக்காகவே கட்டணத்தில் பாதியைத் திருப்பிக் கேட்கலாம்.

தூக்குத் தண்டனை கடைசி நேரத்தில் ஆயுள் தண்டனையாக மாறி, கேஷ் பசிபிக் கடலில் இருக்கிற நார்ஃபோக் தீவுச் சிறைக்குப் போனார். அது போர்ட் ஆர்தரைவிட மோசம். கைதிகளின் சமையல் பாத்திரங்களைப் பிடுங்கியதில் 1846-இல் அங்கே கலவரம் வெடித்தது. அக்டோபர் 13 அன்று ஒரே நாளில் 12 பேரைத் தூக்கிலிட்டார்கள், அதில் கவனாவும் ஒருவர். ஜோன்ஸ் அதற்கு முன்பே ஹோபார்ட்டில் தூக்கு. மூன்று பேரில் மிஞ்சியது கேஷ் மட்டும். கலவரத்தில் சேராமல் ஒதுங்கியிருந்தார். 1854-இல் அதே தீவில் மேரி பென்னட் என்ற ஐரிஷ் கைதிப் பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டு டாஸ்மேனியா திரும்பினார்.

திரும்பி வந்து என்ன வேலை பார்த்தார் தெரியுமா? முதலில் காவலர்! அப்புறம் அரசுத் தோட்டத்தில் மேற்பார்வையாளர். அந்தத் தோட்டம்தான் இன்றைய ஹோபார்ட் தாவரவியல் பூங்கா. நுழைவு இலவசம். இலவசம் என்பதைத் தடித்த எழுத்தில் படித்துக்கொள்ளுங்கள். 1820-களில் கட்டிய செங்கல் சுவர் ஒன்று இன்னும் இருக்கிறது. குளிர் தாங்காத செடிகளுக்காக உள்ளே நெருப்பு மூட்டிச் சூடாக்கும்படி கட்டியது. கையை வைத்துப் பார்த்தேன், இப்போது ஜில்லென்றுதான் இருக்கிறது. பூங்காவை ஒட்டி நிற்பது கவர்னர் மாளிகை. ஃப்ராங்க்ளின் இருந்த பழைய மாளிகை நகரத்துக்குள் வேறு இடம், இது பிறகு கட்டியது. ஆனாலும் கவர்னரைச் சவுக்கால் அடிப்பேன் என்று எழுதிய மனிதர், கவர்னர் மாளிகைக்குப் பக்கத்துத் தோட்டத்தில் கைதிகளை வேலை வாங்கிக்கொண்டு நின்றிருக்கிறார். இதைப் பற்றி அங்கே பெரிதாக ஒரு பலகை வைக்க வேண்டாமா? என் கண்ணில் எதுவும் படவில்லை.

1863-இல் முழு மன்னிப்பு கிடைத்தது. க்ளெனார்க்கியில் நிலம் வாங்கி விவசாயம் செய்தார், 1870-இல் தன் கதையைச் சொல்லி எழுதவைத்துப் புத்தகமாக வெளியிட்டார். 1877 ஆகஸ்டில் படுக்கையில் இறந்தார். போர்ட் ஆர்தர் சிறை மூடப்பட்டதும் அதே ஆண்டுதான். பூங்காவுக்குப் பக்கத்தில் கார்னீலியன் பே இடுகாட்டில் புதைத்திருக்கிறார்கள். அங்கேயும் போகலாம் என்றால் மழை பிடித்துக்கொண்டது, தம்பிக்கு வகுப்புக்கு நேரமாகிவிட்டது.

செலவு விவரம் கேட்பவர்களுக்கு: இரண்டு பேராவது இருந்தால் வாடகைக் கார்தான் லாபம், ஹோபார்ட்டிலிருந்து ஒன்றரை மணி நேரம். தனியாகப் போகிறவர்கள் வழித்தடப் பேருந்தின் நேரத்தை முன்கூட்டியே பாருங்கள், நாளுக்கு அதிகம் கிடையாது. காரில் போனால் இருட்டுவதற்குள் திரும்பிவிடுங்கள். அந்தி நேரத்தில் வாலபிகள் (சின்னக் கங்காரு மாதிரி) சாலையில் குதிக்கும். வாலபி மோதி வண்டி சேதமானால் வாடகைக் கார் காப்பீட்டில் பாதிப் பேருக்கு அது சேராது என்று தம்பி சொன்னான், கையெழுத்துப் போடும் முன் கேட்டுக்கொள்ளுங்கள்.