கதவு தட்டுற வேலை: மார்ச் மாச நாட்குறிப்பு

மார்ச் 3, 2025, திங்கள்

வியாசர்பாடி கேஸ். இன்னிக்கு பிளஸ் டூ பரிட்சை ஆரம்பம், காலைல ரோடு ஃபுல்லா யூனிஃபார்ம் பசங்க, எம்கேபி நகர் தாண்டறதுக்குள்ளயே வெயில் ஏறிடுச்சு. என் வேலை தெரியாதவங்களுக்கு ஒரு தடவை சொல்லிடறேன். ஒரு கம்பெனி ஒருத்தனை வேலைக்கு எடுத்தா அவன் எழுதிக் குடுத்ததெல்லாம் உண்மையான்னு பாக்க ஏஜென்சி கிட்ட குடுப்பாங்க, பேக்ரவுண்ட் வெரிஃபிகேஷன், சுருக்கமா பிஜிவி. அதுல வீட்டு அட்ரஸ் பாக்கற ஆளு நான். கதவைத் தட்டணும், ஆப்ல வாசலை ஃபோட்டோ எடுக்கணும், லொகேஷன் அதுவே பதிவாகிடும், வீட்ல இருக்கறவங்க கிட்ட எத்தனை வருஷமா இருக்கீங்க, சொந்தமா வாடகையான்னு கேட்டு கையெழுத்து வாங்கணும். கேஸுக்கு இவ்ளோன்னு காசு, பெட்ரோல் நம்மளுது.

வீடு பூட்டியிருந்துச்சு. பக்கத்து வீட்டு அம்மா கிட்ட பேரைச் சொல்லிக் கேட்டா, "அப்படி யாரும் இங்க இல்லமா"ன்னு மூஞ்சில அடிச்ச மாதிரி சொல்றாங்க. ஆனா அந்தப் பையன் பேரோட பிறந்தநாள் பேனர் தெருமுனைல தொங்குது! இது எனக்கு பழகிப் போச்சு. கழுத்துல ஐடி கார்டு, தோள்ல பேகு, கையில ஃபோனு, இந்தக் கோலத்துல எவ வந்தாலும் இங்க லோன் வசூல் பண்ற ஆளுதான். நான் அவங்க சொன்னதை அப்படியே ஆப்ல பதிஞ்சிருந்தா "அந்த முகவரியில் வசிக்கவில்லை", ரிப்போர்ட் ரெட், பையனுக்கு வந்த வேலை போச்சு. அவனைக் காப்பாத்தறதா நெனச்சு அந்தம்மா அவன் சோத்துல மண்ணைப் போட்டிருப்பாங்க. "கடன் இல்லமா, பையனுக்கு வேலை கெடைச்சிருக்கு, அதுக்குதான்"னு சொன்னதும், "அட இன்னாமா நீ, மொதல்லயே சொல்றதுக்கு இன்னா"ன்னு சேர் எடுத்துப் போட்டாங்க. அஞ்சு நிமிஷத்துல தெருவே கூடிடுச்சு, குடிக்க மாட்டான், சிகரெட் இல்ல, பாட்டியை அவன்தான் ஆஸ்பத்திரிக்கு இட்டுனு போவான், எனக்கு எழுத எடம் பத்தல.

இன்னொண்ணு. ரெஸ்யூம்ல அவன் போட்டிருக்கறது பெரம்பூர், 600011. ஆதார்ல வியாசர்பாடி, 600039. இந்த மாதிரி எத்தனையோ பாத்துட்டேன். ஏன்னு கேக்க வேண்டியதே இல்ல, ஏரியா பேரைக் கேட்டதும் இன்டர்வியூ எடுக்கறவர் மூஞ்சி மாறறது இந்தப் பக்கம் பொறந்த எல்லாருக்கும் தெரியும். "ஓ, நார்த் மெட்ராஸா"ன்னு ஒரு சிரிப்பு வரும் பாருங்க. ரெண்டு ஊருக்கும் நடுவுல வண்டில அஞ்சு நிமிஷம், ஆனா ஃபார்ம்ல அது "டிஸ்க்ரிபன்சி", ஒண்ணுக்கொண்ணு ஒத்துப்போகலன்னு அர்த்தம். ரெட்டுக்கும் கிரீனுக்கும் நடுவுல இருக்கற ஆம்பர் போட்டு, கீழ ரிமார்க்ஸ்ல அடுத்தடுத்த ஏரியா, வசிப்பது உறுதின்னு எழுதிட்டேன்.

மார்ச் 4, செவ்வாய்

ஆஃபீஸ்ல டாக்குமெண்ட் பாக்கற அக்கா மதியம் சோறு சாப்பிடும்போது ஒரு ஃபைல் காட்டினாங்க. ரிலீவிங் லெட்டர், அதாவது பழைய கம்பெனி வேலையை விட்டு அனுப்பும்போது குடுக்கற கடுதாசி, தேதி 2015 ஜூன். லெட்டர்ஹெட் பளபளன்னு இருக்கு, சீல், கையெழுத்து, எல்லாம் சூப்பர். "அடில என்ன இருக்கு பாரு"ன்னாங்க. 33ன்னு ஆரம்பிக்கற 15 எழுத்து ஜிஎஸ்டி நம்பர். ஜிஎஸ்டி வந்ததே 2017 ஜூலை 1ஆம் தேதி! ரெண்டு பேரும் சிரிச்சு எனக்கு புரையேறிடுச்சு.

அப்புறம் அவங்களே சொன்னாங்க, இது பழைய டைப்பாம், இப்பல்லாம் இவ்ளோ ஈஸியா மாட்டறதில்லையாம். ஃபேக் எக்ஸ்பீரியன்ஸ் போட்டுத் தர்ற கன்சல்டன்சிங்க நெஜமாவே ஒரு கம்பெனியை ரிஜிஸ்டர் பண்ணி வெச்சிருக்காங்க, போன் அடிச்சா எடுக்க ஹெச்ஆர் உண்டு, மெயில் போட்டா ஒரு மணி நேரத்துல "யெஸ், ஹி வொர்க்டு வித் அஸ்"னு பதில் வரும், வேலை தேடறவன் கிட்டயே காசை வாங்கி அவன் அக்கவுன்ட்ல மாசாமாசம் சம்பளம்னு போட்டு பேங்க் ஸ்டேட்மென்ட்டும் ரெடி பண்ணிடுவாங்க. பிஎஃப் எங்கடான்னு கேட்டா, எங்க கம்பெனில 20 பேருக்கு கம்மி சார், பிஎஃப் சட்டம் எங்களுக்கு பொருந்தாதுன்னு சொல்வாங்க, அதுவும் சட்டப்படி சரியான பதில்தான். அக்கா அப்ப சிஐஎன் பாப்பாங்களாம். லெட்டர்ஹெட்ல 21 எழுத்துல ஒரு கம்பெனி நம்பர் இருக்குமில்ல, அதுக்கு நடுவுலயே கம்பெனி பதிவான வருஷம் இருக்கு. 2020ல பதிவான கம்பெனில 2017லயே வேலைக்கு சேர்ந்திருக்கான் ஒருத்தன். ஆனா அதுலயும் முன்னாடி பார்ட்னர்ஷிப்பா இருந்து பின்னாடி பிரைவேட் லிமிடெட்டா மாறின கடைங்க உண்டு, அதனால உடனே ரெட் போட்டுட முடியாது, பழைய பத்திரம் கேட்டு எழுதணும்.

அவங்க சொன்னதுல ஒண்ணு மனசுல நின்னுடுச்சு. ஜெனியூன் ஃபைல்தான் எப்பவும் கசமுசான்னு இருக்குமாம். பழைய கம்பெனி மூடியிருக்கும், ஹெச்ஆர் மெயிலுக்கு பதிலே போடாது, ஆறு மாசம் கையில சம்பளம் வாங்கியிருப்பான், மார்க்‌ஷீட்ல இனிஷியல் முன்னாடி இருக்கும், பான்ல அதே இனிஷியல் அப்பா பேரா விரிஞ்சு பின்னாடி போயிருக்கும், ஆதார்ல இனிஷியலே இருக்காது. காசு குடுத்து செஞ்ச ஃபைல்ல ஒரு புள்ளி தப்பிருக்காது. அப்ப ரெட்டும் ஆம்பரும் யாருக்கு விழும், கிரீன் யாருக்கு விழும்? நீங்களே பாத்துக்கோங்க.

மார்ச் 6, வியாழன்

சாயந்திரம் தண்டையார்பேட்டைல இருந்து என் கூடப்பொறந்த அக்கா வந்துச்சு, கூட அதோட பையன். பி.காம் முடிச்சு ரெண்டு வருஷமா சாப்பாடு டெலிவரி ஓட்டறான். அவன் ஃபிரெண்டு ஒருத்தன் கன்சல்டன்சில காசு கட்டி மூணு வருஷ எக்ஸ்பீரியன்ஸ் வாங்கி பெரிய எடத்துல சேர்ந்துட்டானாம். அக்கா காபி குடிச்சுட்டு மெதுவா ஆரம்பிச்சுது, "ஏண்டி, நீதான் அந்த வேலைல இருக்கியே, எதைப் பாப்பாங்க எதைப் பாக்க மாட்டாங்கன்னு சொல்லக் கூடாதா." வளையலைக் கழட்டி வெக்கறதுக்கும் ரெடியா இருக்கு.

கோவம் வரல எனக்கு. அதோட வளையல், அதோட கவலை. ஆனா சொல்ல மாட்டேன்னுட்டேன். தர்மம் நியாயம்னெல்லாம் இல்ல, சேர்ந்து எட்டு மாசம் கழிச்சு கூட ரீசெக் பண்ணி ஒரே நாள்ல சிஸ்டத்தை லாக் பண்ணி வெளிய அனுப்பறாங்க, அதை இந்த ஆஃபீஸ்ல உக்காந்து பாத்திருக்கேன். அப்ப கட்டின காசும் போச்சு, அந்த எட்டு மாசத்தை ரெஸ்யூம்ல எழுதவும் முடியாது. போலி பேப்பரை நெஜம்னு நீட்டினா கேஸும் ஆகும், ஊர்ல இன்னும் ஃபோர் ட்வென்டின்னுதான் திட்டறோம், போன வருஷம் ஜூலைல இருந்து ஏமாத்தறதுக்கு செக்‌ஷன் நம்பரே 318 ஆயிடுச்சு. பையன் ஒண்ணும் பேசல, ஃபோனை நோண்டிகினே இருந்தான்.

மார்ச் 8, சனி

ரெண்டு கேஸ். மொதல்ல ராயபுரம். ஒரு பொண்ணு, முப்பது இருக்கும், கையில குழந்தை. ரெஸ்யூம்ல ரெண்டு வருஷம் "ஃப்ரீலான்ஸ்". வீட்டைப் பாத்ததுமே தெரியுது அந்த ரெண்டு வருஷம் எங்க போச்சுன்னு, கொடில காயற துணி சொல்லுது. என் ஃபார்ம்ல அதுக்கு கட்டம் இல்ல, நான் வாசலை மட்டும்தான் பாக்கணும், பாத்துட்டு வந்துட்டேன். கெளம்பும்போது அவங்களா சொன்னாங்க, "புள்ள இருக்குன்னு சொன்னா எடுக்க மாட்றாங்கக்கா, போன எடத்துல அடுத்த குழந்தை எப்போன்னு கேட்டாங்க." கேள்வி இப்படி இருந்தா பதில் எப்படி இருக்கும்? இன்னிக்கு மகளிர் தினம் வேற, ஆஃபீஸ் குரூப்ல ரோஜாப்பூ ஃபார்வர்ட் குவிஞ்சு கெடக்கு.

ரெண்டாவது புதுவண்ணாரப்பேட்டை. நோன்பு நேரம், பையனோட அத்தா கஞ்சி வாங்க தூக்கு எடுத்துகினு கெளம்பிட்டு இருந்தாரு, உக்காருங்கன்னு சொல்லி எனக்கும் சேர்த்து வாங்கிட்டு வந்தாரு. ஷோகேஸ் பூரா கேரம் கப்பு, மெடலு, டிஸ்ட்ரிக்ட், ஸ்டேட். இந்த ஏரியாவுல இருந்துதான் காசிமா போய் 2024ல அமெரிக்காவுல நடந்த கேரம் உலகக் கோப்பைல தங்கம் வாங்கிட்டு வந்துச்சு, ஆட்டோ டிரைவர் பொண்ணு. நான் ஃபோன்ல ரெஸ்யூமை தொறந்து பாத்தேன், ஹாபீஸ்: ரீடிங் புக்ஸ், லிஸனிங் மியூசிக். "ஏன்பா, கேரம் எங்க?"ன்னு கேட்டா, "அதை எப்படிக்கா எழுதறது, தெருவுல ஆடறதுன்னு நெனச்சுக்குவாங்க." வீட்ல ஒரு புக்கு கண்ல படல. இல்லாததை எழுதறவனைப் புடிக்க எங்க கிட்ட டீமே இருக்கு, இருக்கறதை மறைக்கறவனை என்ன பண்றது. சேர்த்து எழுதுப்பா, கெட்டிக்காரனா இருந்தா அவங்க கேப்பாங்கன்னு சொல்லிட்டு வந்தேன், கேட்டானான்னு தெரியாது.

மார்ச் 11, செவ்வாய்

மழை தூறல், கொடுங்கையூர்ல ஒரே ஒரு கேஸ், வீடு பூட்டு. ஆஃபீஸ்ல ப்ராக்ஸி கதைதான் ஓடுது. வீடியோ இன்டர்வியூல பேசினது ஒருத்தன், ஜாயினிங் அன்னிக்கு லேப்டாப் வாங்க வந்தது வேற ஒருத்தன். கம்பெனி ரெக்கார்டிங்கை எடுத்துப் பாத்தா வாய் அசையுது, குரல் வேற எங்கயோ இருந்து வருது. இதுக்கு பயந்தே இப்போ நெறைய எடத்துல கடைசி ரவுண்டு நேர்ல வாங்கன்றாங்க. நேர்ல கூப்ட்டா நம்ம பக்கத்துப் பசங்களுக்கு பஸ் காசு செலவு, ஆனா ஒரு வகைல நல்லதுதான், எதிர்ல உக்காந்து பேசினா நெஜமா வேலை தெரிஞ்சவன் யாருன்னு தெரிஞ்சிடும்.

மார்ச் 13, வியாழன்

அக்கா பையன் தனியா வந்தான். ரெஸ்யூமை காட்டினான், டெலிவரி ஓட்டின ரெண்டு வருஷத்துல "அரசுத் தேர்வுக்கு தயாரிப்பு"ன்னு போட்டிருக்கான். ஒரு நாள் கூட புக்கை தொட்டவன் இல்ல. "எல்லாரும் போடறாங்க சித்தி, கேப் இருந்தா இதான் பதில், அவங்களுக்கும் தெரியும் பொய்னு." பெரிய பெரிய ஆளுங்களே பண்றாங்கன்னு ஒரு லெக்சர் வேற.

பண்றாங்கதான். யாகூ கம்பெனி சிஇஓ ஸ்காட் தாம்சன், வாங்கினது அக்கவுன்டிங் டிகிரி மட்டும், பயோடேட்டாவுல கம்ப்யூட்டர் சயின்ஸும் சேர்ந்து இருந்துச்சு, 2012 ஜனவரில சேர்ந்தவர் மே மாசம் வெளிய. அவரைப் புடிச்சது யாரு? கம்பெனி ஹெச்ஆர் இல்ல, ஷேர் வெச்சிருந்த ஒரு கூட்டம், போர்டோட சண்டை போடறதுக்காக தோண்டினாங்க. சண்டை இல்லன்னா அந்த டிகிரியை யாரு பாத்திருப்பா. கீழ இருக்கறவனுக்கு மட்டும் வீடு வரைக்கும் நான் போறேன்.

நம்ம ஊர்லயும் எடுத்துக்கோ, 2019 செப்டம்பர்ல நடந்த குரூப் 4. ராமேஸ்வரம், கீழக்கரை சென்டர்ல எழுதின கொஞ்ச பேரு மட்டும் மொத்த லிஸ்ட்லயும் மேல வந்தப்ப சந்தேகம் வந்துச்சு, கொஞ்ச நேரத்துல மறையற இங்க்ல எழுதி, பின்னாடி வேற ஆள் ஷேட் பண்ணியிருக்காங்க, 99 பேருக்கு வாழ்நாள் தடை போட்டாங்க. அந்தப் பரிட்சையை எழுதினது 16 லட்சம் பேருக்கு மேல. அதுல ஒழுங்கா படிச்சு ரெண்டு மார்க்ல போனவன் எங்க போய் கேப்பான்? அக்கா பையன்கிட்ட இதைத்தான் சொன்னேன், வியாசர்பாடிக்காரன் பெரம்பூர்னு போட்டா யாரோட சீட்டும் போகல, அந்த ராயபுரத்துப் பொண்ணு புள்ளையை மறைச்சா யாரோட சோறும் போகல, மூணு வருஷம் வேலை பாத்தேன்னு காசு குடுத்து வாங்கினா நெஜமா மூணு வருஷம் பாத்தவன் வெளிய நிக்கறான். ரெண்டையும் ஒண்ணா சேர்க்காத. "அப்ப என் கேப்?"ன்னான். உனக்கு கேப்பே இல்லடா, ரெண்டு வருஷம் மழைலயும் வெயில்லயும் வேலை பாத்திருக்க, அதை எழுதேன். அவனுக்கு அசிங்கமா இருக்கு. ரொம்ப நேரம் பேசி, எழுதிட்டு அடிச்சு, திரும்ப எழுதி, பன்னெண்டு மணிக்கு கெளம்பினான். எதை வெச்சான்னு எனக்குக் காட்டல.

மார்ச் 18, செவ்வாய்

அக்கா பையனுக்கு கிண்டில இன்டர்வியூ, தண்டையார்பேட்டைல மெட்ரோ ஏறி நேரா போய்ட்டான். கஸ்டமர் சப்போர்ட் வேலை. டெலிவரின்னுதான் போட்டிருந்திருக்கான். ஒரு ஆள் ஃபைலை மூடி வெச்சுட்டு ஃபோன் பாத்தாராம், இன்னொரு மேடம் மட்டும் கேட்டிருக்காங்க, கஸ்டமர் போன் எடுக்கலன்னா என்ன பண்ணுவ, தப்பான ஐட்டம் வந்துச்சுன்னு கத்தினா என்ன சொல்லுவ, லிஃப்ட் விட மாட்டேன்னு வாட்ச்மேன் நிறுத்தினா? இவன் வாய் ஓயாம பேசிட்டு வந்திருக்கான். வேலை கெடைச்சிடுச்சு. அக்கா வடிவுடையம்மன் கோயிலுக்கு போய்ட்டு வந்துடுச்சு.

ஆனா விஷயம் கேளுங்க, விளம்பரத்துல மாசம் 25,000. ஆஃபர் லெட்டர்ல பாத்தா சிடிசி, அதாவது அவனுக்காக கம்பெனிக்கு ஆகற மொத்தச் செலவு, வருஷத்துக்கு 3 லட்சம்னு போட்டு, உள்ள கம்பெனி கட்ற பிஎஃப், இன்சூரன்ஸ், டார்கெட் அடிச்சா வர்ற இன்சென்டிவ், அஞ்சு வருஷம் இருந்தாதான் கையில வர்ற கிராஜுவிட்டி எல்லாத்தையும் சேர்த்துதான் அந்த 3 லட்சம். கையில வர்றது பதினாறுக்குக் கீழ. "சித்தி, கம்பெனிக்கு பிஜிவி கெடையாதா?"

மார்ச் 21, வெள்ளி

சரி, கம்பெனிக்கும் பிஜிவி பண்ணிடுவோம்னு ராத்திரி ரெண்டு பேரும் உக்காந்தோம். கம்பெனி விவகார அமைச்சகம் சைட்ல பேரைப் போட்டா எந்த வருஷம் பதிவாச்சு, உயிரோட இருக்கா மூடிட்டாங்களான்னு வரும். பிஎஃப் சைட்ல நிறுவனம் தேடற பக்கம் ஒண்ணு இருக்கு, அங்க மாசாமாசம் எவ்ளோ கட்டினாங்க, எத்தனை பேருக்கு கட்டினாங்கன்னு எல்லாருமே பாக்கலாம், நெறைய பேருக்கு இது தெரியாது. இன்டர்வியூல "நாங்க 500 பேர் ஃபேமிலி"ன்னு சொல்லியிருக்காங்க, பிஎஃப் கட்டினது அறுபத்தி சொச்சம் பேருக்கு. மிச்சம் பேரெல்லாம் கான்ட்ராக்ட்ல வேற பேர்ல இருக்கலாம், இல்ல சும்மா வாய்க்கு வந்ததா இருக்கலாம். ஆனா மாசம் தவறாம கட்டியிருக்காங்க, அதுவரைக்கும் நல்லது. நான் ஆம்பர்னு சொன்னேன். அவன் சிரிச்சான்.

திங்கக்கிழமை ஜாயினிங். ஆறு மாசம் இருந்து பாப்பான், எழுதறதுக்கு உருப்படியா ஒரு லைன் கெடைக்கும். லெட்டர்ல ஒரிஜினல் சர்ட்டிஃபிகேட் கொண்டு வரவும்னு இருக்கு. காட்டிட்டு கையோட திருப்பி வாங்கிக்கோ, வெச்சுக்கறேன்னு சொன்னா குடுக்காத, ஜெராக்ஸ்ல கையெழுத்து போட்டுக் குடுன்னு சொல்லியிருக்கேன். ஃபார்ம்ல அட்ரஸ் தண்டையார்பேட்டை, 600081னுதான் போட்டிருக்கான். வெரிஃபிகேஷனுக்கு யாரு வருவாங்கன்னு தெரியல, நான் போக முடியாது, சொந்தக்காரங்க கேஸ் எடுக்கக் கூடாது. அக்கா கிட்ட மட்டும் சொல்லி வெச்சிருக்கேன், ஐடி கார்டு மாட்டிகினு எவனாவது வந்து பேரைச் சொல்லிக் கேட்டா, அப்படி யாரும் இல்லன்னு சொல்லித் தொலைக்காதன்னு.