இரண்டு பெண்களுக்கும் வைப்புத்தொகை வாங்கிய கதை

இரண்டும் பெண் குழந்தைகள் உள்ள வீடுகளில் முதலமைச்சரின் பெண் குழந்தை பாதுகாப்புத் திட்டத்தைப் பற்றிக் கேள்விப்படாதவர்கள் குறைவு. ஆனால் தர்மபுரி மாவட்டத்தில் எங்கள் பென்னாகரம் பக்கத்தில், சின்னக் குழந்தைக்கு மூன்று வயது முடிவதற்குள் விண்ணப்பிக்க வேண்டும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. எனக்கு அதைச் சொன்னது அங்கன்வாடி டீச்சர்தான். "குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் சான்றிதழ் இருக்காம்மா? அது இல்லாம எதுவும் நடக்காது" என்றார்.

ஒரே பெண் என்றால் 50,000 ரூபாய், இரண்டு பெண்கள் என்றால் ஆளுக்கு 25,000 ரூபாய் அரசு வைப்பில் போடுகிறது. ஆண் குழந்தை இருக்கக் கூடாது, அப்பா அம்மாவில் ஒருவர் கருத்தடை செய்திருக்க வேண்டும், வருமானமும் வரம்புக்குள் இருக்க வேண்டும். கருத்தடைச் சான்றிதழ் எனக்கு மருத்துவமனையிலேயே கிடைத்துவிட்டது. பெங்களூரில் கட்டட வேலை செய்யும் என் கணவரால் அடிக்கடி லீவு போட முடியாது. அதனால் மீதிக்கெல்லாம் நானே அலைந்தேன்.

முதல் தடங்கல் பிறப்புச் சான்றிதழ். காது குத்தும்போதுதான் எங்கள் வீட்டில் பெயர் வைப்பார்கள். அதனால் சின்னவளின் சான்றிதழில் பெயர் இடம் காலியாக இருந்தது. ஒரு வருடத்துக்குள் கட்டணம் இல்லாமலே பெயரைச் சேர்க்கலாம், அதற்குப் பிறகு தாமதக் கட்டணம் கட்ட வேண்டும். சரி, கட்டிச் சேர்த்தேன்.

வருமானச் சான்றும் ஆண் குழந்தை இல்லை என்ற சான்றும் இ-சேவை மையத்தில் பதிந்தால் வி.ஏ.ஓ. (கிராம நிர்வாக அலுவலர்), ஆர்.ஐ. (வருவாய் ஆய்வாளர்) வழியாகத் தாசில்தாருக்குப் போகும். இதில் இரண்டாவதுதான் மனதுக்குக் கஷ்டமாக இருந்தது. பையன் இல்லை என்று நாமே எழுதிக் கொடுத்து, அதை அரசாங்கம் வேறு விசாரிக்க வேண்டுமா என்று தோன்றியது. விசாரணைக்கு வி.ஏ.ஓ. வந்தபோது, பேரன் வேண்டும் என்று கோயில் கோயிலாக வேண்டிக்கொண்ட என் மாமியார் இரண்டு பிள்ளைகளையும் கையில் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்தார். "இவங்க ரெண்டு பேருதான் சார் எங்க வீட்டுப் புள்ளைங்க. எழுதிக்குங்க" என்றார். இந்த மாவட்டத்தில் பெண் சிசுக்களைக் கொன்ற காலம் ஒன்று இருந்தது. வளர்க்க மனமில்லாத குழந்தையை அரசிடமே விட்டுவிடும் தொட்டில் குழந்தைத் திட்டத்தை இங்கேயும் கொண்டுவர வேண்டியிருந்தது. அந்தக் காலத்தைப் பார்த்தவர் அவர். அவர் வாயால் அந்தச் சொல் வந்தது எனக்குப் பெரிய விஷயம்.

அப்புறம் குடும்பப் போட்டோ, இருப்பிடச் சான்று, ஆதார் எல்லாம் வைத்து இ-சேவை மையத்திலேயே விண்ணப்பித்தோம். ஊர்நல அலுவலர் சரிபார்த்தார். நடுவில் ஓர் அலுவலகத்தில் ஜெராக்ஸ் மங்கலாக இருக்கிறது என்று மொத்தக் கட்டையும் திருப்பிக் கொடுத்தார்கள். குழந்தையோடு வெயிலில் நிற்பவர்களிடம் இதை முன்பே சொல்லியிருக்கலாம். நீங்கள் போகும்போது அசல்களையும் கையோடு கொண்டுபோங்கள்.

பணம் தமிழ்நாடு மின்விசை நிதி நிறுவனத்தில் வைப்பாக இருக்கிறது. இரண்டு பெண்கள் பெயரிலும் தனித்தனி ரசீது வந்துவிட்டது. ஐந்து வருடத்துக்கு ஒருமுறை அது புதுப்பிக்கப்படும். பதினெட்டு வயதில் வட்டியோடு கைக்கு வரும், ஆனால் அதற்குள் பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதியிருக்க வேண்டும். அந்த நிபந்தனை எனக்கு ரொம்பப் பிடித்தது. படிப்பை நிறுத்திக் கல்யாணம் பேச வருகிறவர்களிடம் காட்ட ஒரு காகிதம் இருக்கிறதே.

உங்கள் சின்னக் குழந்தைக்கு இரண்டு வயது தாண்டிவிட்டதென்றால் இந்த வாரமே ஊர்நல அலுவலரையோ அங்கன்வாடி டீச்சரையோ பாருங்கள். தாசில்தார் கையெழுத்துக்கே நாள் பிடிக்கும்.